லோடு என்னும் சொல்
(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'கவிதையும் வழக்குச் சொற்களும்' என்னும் தலைப்பை விழாக் குழுவினர் எனக்கு அளித்திருக்கின்றனர். பரந்த தலைப்பு. அதை முழுவதும் உழுது முடிக்க இந்த மாலைப் பொழுது போதாது. ஆகவே ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொள்கிறேன். நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் சேலத்திலும் பொழுது விடிந்தால் காதில் விழுகின்ற சொல். ஆங்கிலத்திலிருந்து வந்தது. 'லோடு' என்பதே அது.

அவையில் புன்முறுவல் தெரிகிறது. லாரிப் பட்டறையில் பேச வேண்டியதை இலக்கிய வட்டத்தில் பேச வந்துவிட்டானே என்று நினைக்கிறீர்கள் போலும். நம் வட்டத்தின் கவிதைப் போட்டிக்குப் பத்தாண்டுகளாக ஒரு விதி உண்டு என்பதை நினைவூட்டுகிறேன். 'பிறமொழிச் சொல் கலந்த கவிதைகள் ஏற்கப்படா' என்பது அந்த விதி. சென்ற போட்டியில் லாரி ஓட்டுநர் ஒருவரின் மகள் எழுதிய கவிதை வந்தது. தந்தை வடக்கே போயிருக்கிறார். போன சரக்கை இறக்கி நான்கு நாளாயிற்று. திரும்பிவர லோடு கிடைக்கவில்லை. வீட்டில் தாய் அதைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் தாழ்ந்த குரலில் சொல்கிறாள். இவ்வளவே கவிதை. நடுவர்கள் அதைப் பாராட்டினார்கள். பாராட்டிவிட்டு, 'லோடு' என்பதைச் 'சுமை' என்று மாற்றித் தந்தால் பரிசுக்கு எடுத்துக்கொள்வதாகத் தெரிவித்தார்கள். அந்தப் பெண் மாற்றவில்லை. கவிதை விலக்கப்பட்டது.

மாற்றிப் பாருங்கள். 'இன்னும் லோடு கெடைக்கிலீங்களாம்' என்று அந்தத் தாய் சொன்னால் அது துயரம். 'இன்னும் சுமை கிடைக்கவில்லையாம்' என்று சொன்னால் என்ன பொருள்? சுமை கிடைக்காதது நல்லதுதானே, ஏன் குரல் தாழ வேண்டும் என்று கேட்பவர் திகைப்பார். சொல்லை மாற்றினால் கவிதையின் பொருளே தலைகீழாகிறது. இந்தத் தலைகீழைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

சுமை என்பது சுமப்பவனின் சொல். அதற்கு ஒரு தலையோ தோளோ கழுத்தோ வேண்டும். அழுத்துவது சுமை, இறக்கி வைத்தால் இன்பம். நம் பழைய பாட்டைகளின் ஓரத்தில் சுமைதாங்கிக் கற்கள் நின்றன. இரு கல்லை நிறுத்தி மேலே ஒரு கல்லைக் கிடத்தியிருப்பார்கள். கருவுற்ற நிலையிலேயே இறந்துபோன பெண்களின் நினைவாக நடப்பட்டவை அவற்றுள் பல. இறக்கிவைக்க முடியாமலே போன வயிற்றுச் சுமைக்கு ஈடாக, ஊரார் தலைச்சுமையை இறக்கிவைக்க ஒரு கல். சுமை என்ற சொல்லின் ஆழம் அத்தகையது. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்த ஆழத்தை லாரியின் மேல் ஏற்ற முடியாது என்று மட்டும் சொல்கிறேன். லாரிக்குக் கழுத்து இல்லை. லாரி வெறுமனே நிற்கும்போதுதான் அதன் உடையவனுக்குக் கழுத்து வலிக்கிறது. தவணை ஒருபுறம், வண்டி வரி ஒருபுறம், ஓட்டுநர் படி ஒருபுறம். லோடு ஏறினால்தான் அவன் தோள் இலேசாகிறது.

ஏறினால் இலேசாவது லோடு. இறங்கினால் இலேசாவது சுமை. ஒன்றை மற்றொன்றின் மொழிபெயர்ப்பு என்று கொள்வது எப்படிப் பொருந்தும்?

'சரி, சுமை வேண்டாம். தமிழில் வேறு சொல்லே இல்லையா?' என்று நண்பர் ஒருவர் கேட்டார். இருக்கின்றன. பொதி இருக்கிறது; ஆனால் பொதி, மாட்டின் முதுகையும் கழுதையின் முதுகையும் விட்டு இறங்கவில்லை. பாரம் இருக்கிறது, 'பாரம் ஏற்றிய வண்டி' என்று எழுதினால் பிழையில்லை. ஆயினும் 'பாரம் கிடைத்தது' என்று எந்த ஓட்டுநரும் மகிழ்ந்து சொல்லமாட்டார். சரக்கு இருக்கிறது; அது வணிகரின் சொல். அந்தச் சொல்லுக்கு நம் தெருக்களில் இப்போது நேர்ந்திருக்கும் கதியை இந்த அவையில் விரிக்க வேண்டியதில்லை. பண்டம் இருக்கிறது. 'வலியறிதல்' அதிகாரத்தின் 475ஆம் குறளில் வள்ளுவர் வண்டியில் ஏற்றுவதைப் பண்டம் என்றே சொல்கிறார். மயிலிறகே ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்பது கருத்து.

இங்கே சற்று விலகிச் செல்ல அனுமதியுங்கள். இன்றைய மோட்டார் வாகனச் சட்டமும் பாரத்தை அச்சைக் கொண்டுதான் அளக்கிறது. இரண்டு அச்சு லாரி ஒன்று, தன் எடையும் சேர்த்து 16.2 டன் வரை செல்லலாம் என்றிருந்ததை 2018 சூலையில் நடுவண் அரசு 18.5 டன்னாக உயர்த்தியது. மறு ஆண்டே, 2019இல், சட்டத்தைத் திருத்தி, அளவு மீறினால் 20,000 ரூபாய் தண்டம், மிகையாகும் ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய் என்று விதித்தார்கள். மயிலிறகில் தொடங்கிய கணக்கு இங்கே வந்து நிற்கிறது. குறளுக்கு உரை எழுதியவர்கள் அந்த உவமையை அரசனுடைய வலிமைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். நம் ஊரில் ஓவர்லோடுக்குத் தண்டம் கட்டியவருக்கு உரை வேண்டியதில்லை.

லோடு என்பது வெறும் பண்டமும் அன்று. 'லோடு கிடைத்துவிட்டது' என்று ஓட்டுநர் அலைபேசியில் சொல்லும்போது அதற்குள் எத்தனை அடங்கியிருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். ஏற்றுவதற்கு ஒரு பொருள். அதை அனுப்ப ஒரு வணிகர். இடையில் ஒரு தரகர். போய்ச் சேர ஓர் ஊர். பேசி முடித்த வாடகை. கைக்கு வந்த முன்பணம். இத்தனாம் நாள் வீடு வருவேன் என்ற ஒரு குறிப்பு. இவ்வளவையும் ஈரெழுத்தில் சொல்லிவிடுகிறார். மனைவி பதிலுக்கு 'எந்த ஊருக்கு?' என்று மட்டும் கேட்கிறார். மற்றவை அந்தச் சொல்லிலேயே வந்துவிட்டன. சொற்சுருக்கம் கவிதைக்கு அழகு என்று நாம் பத்தாண்டுகளாகப் பேசிவருகிறோம். இதைவிடச் சுருக்கமாக எந்தச் சொல்லால் சொல்வது?

இன்னும் இருக்கிறது. ஒரு லோடு செங்கல், ஒரு லோடு எருவு என்று அது அளவாகும். வண்டி லோடில் நிற்கிறது என்று அது நிலையாகும். லோடுமேன் என்று அது ஆளாகும். பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் விசைத்தறி ஓட்டுபவரைக் கேட்டால் மின்கம்பி லோடு தாங்கவில்லை என்பார். அங்கே அது மின்சாரம். இரவில் தள்ளாடி வருபவனைப் பார்த்து 'ஆள் புல் லோடு' என்பார்கள். அதைப் பற்றிச் சரக்கோடு சேர்த்துச் சொல்லிவிட்டேன். இளைஞர் கையிலுள்ள அலைபேசித் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தால் 'லோடு ஆகிறது' என்கிறார்கள். அங்கே அது காத்திருத்தல். இலங்கைத் தமிழர்கள் அலைபேசிக்குப் பணம் நிரப்புவதை 'ரீலோட்' என்பார்கள்.

இவ்வளவு கிளைத்த சொல்லை அயலது என்று எப்படி ஒதுக்குவது என்று கேட்கலாம். அந்த வாதம் எனக்கே முழு நிறைவு தரவில்லை. கிளைத்தது என்பதாலேயே ஒன்று நம்முடையதாகிவிடாது, வேலிக்கருவையும்தான் கிளைத்திருக்கிறது. வேறொரு வழியாகப் பார்ப்போம். இதே ஆங்கிலச் சொல் மற்றொரு மொழிக்குள் போய் என்ன ஆயிற்று என்று பார்த்தால் நாம் இதை என்ன செய்தோம் என்பது விளங்கும். பஞ்சாபியை எடுத்துக்கொள்கிறேன். அதற்குக் காரணம் உண்டு.

நாமக்கல்லின் வழியே செல்லும் நெடுஞ்சாலை முன்பு 7ஆம் எண்ணைத் தாங்கியிருந்தது. 2010இல் நாட்டு நெடுஞ்சாலைகளின் எண்களை மாற்றியபோது அதுவும், பஞ்சாபின் வழியே செல்லும் பழைய 1ஆம் எண் சாலையின் ஒரு பகுதியும், வேறு சில சாலைகளும் சேர்ந்து 44 என்ற ஒரே எண்ணுக்குள் வந்தன. சீனகரில் தொடங்கிக் குமரியில் முடியும் அச்சாலையின் நீளம் 3,700 கிலோமீட்டருக்கு மேல். சலந்தரும் லூதியானாவும் அதன்மேல். தருமபுரியும் சேலமும் நாமக்கல்லும் அதன்மேல். அங்கிருந்து ஒரு சீக்கியரும் இங்கிருந்து ஒரு கொங்கு நாட்டாரும் புறப்பட்டால் சாலை மாறாமலே எங்கோ ஓரிடத்தில் எதிர்ப்பட வேண்டும். எதிர்ப்படுகிறார்கள். சாலையோரத் தாபாக்களில் ஒரே கயிற்றுக் கட்டிலில் அமர்ந்து தேநீர் அருந்துகிறார்கள். அவர் தம் வண்டியை டிரக் என்கிறார். இவர் லாரி என்கிறார். இரண்டும் ஆங்கிலமே. இருவருக்கும் பொதுவான மொழி ஓட்டை இந்தியும், சில ஆங்கிலச் சொற்களும். அந்தச் சில சொற்களுள் முதன்மையானது லோடு.

நான் பஞ்சாபி அறிஞன் அல்லன். அகராதியைப் புரட்டியும், வடக்கே போய்வரும் ஓட்டுநர்களைக் கேட்டும் அறிந்ததைச் சொல்கிறேன். வண்டியில் ஏற்றுவதற்கு அவர்களிடம் சொந்தச் சொல் ஒன்று உண்டு: 'லத்தணா'. கனத்துக்கு அவர்கள் சொல் 'பார்'. வடமொழி எழுத்துக்கூட்டல்படி அதன் முதலெழுத்து மூச்சொலியோடு ஒலிக்க வேண்டும். பஞ்சாபியோ சுரம் உடைய மொழி. சொல்லின் முதலில் வரும் அத்தகைய எழுத்து அங்கே வெறும் பகரமாகித் தாழ்ந்த சுரத்தில் ஒலிக்கிறது. தமிழன் காதுக்கு அது நம் 'பார்' போலவே கேட்கும். நம்முடைய பாரமும் அவர்களுடைய பாரும் ஒரே வேரின.

லோடு என்ற ஆங்கிலச் சொல்லும் அவர்களிடம் உண்டு. ஆனால் அங்கே அதற்கு ஓர் இக்கட்டு. அதே ஒலிக்கு மிக அருகில் வேறொரு பஞ்சாபிச் சொல் முன்பே குடியிருக்கிறது. அதன் இறுதி எழுத்து நாவை மடக்கி ஒருமுறை தட்டி ஒலிப்பது. குர்முகி எழுத்துகள் முப்பத்தைந்தின் வரிசையில் கடைசியாக நிற்பது அவ்வெழுத்தே. ஆங்கிலச் சொல்லை வேறு டகரம் இட்டு எழுதுவார்கள். எழுத்தும் வேறு, ஒலியும் வேறு. பஞ்சாபியருக்கு மயக்கமே இல்லை. தமிழிலோ இரண்டுக்கும் ஒரே டகரந்தான். ஆகவே நமக்கு இரண்டும் 'லோட்' ஆகிவிடுகின்றன. அந்த இரண்டாவது லோட்டுக்குப் பொருள் என்ன தெரியுமா? தேவை. 'கோயீ லோட் நயீ' என்றால் 'ஒன்றும் தேவையில்லை' என்று பொருள்.

ஓட்டுநர் ஒருவர் சொன்னது. லூதியானாவின் டிரான்ஸ்போர்ட் நகரில் திரும்புலோடுக்காக மூன்று நாளாகக் காத்திருந்தாராம். காலையில் ஒரு முதிய சர்தார்ஜி இவரை அழைத்துத் தேநீர் வாங்கித் தந்திருக்கிறார். இவர் காசு எடுத்து நீட்டினார். பெரியவர் கையசைத்து, 'கோயீ லோட் நயீ' என்றார். காசு தேவையில்லை என்று அவர் சொன்னது. இவருக்கோ மனம் முழுவதும் ஒரே நினைவு. 'ஒரு லோடும் இல்லை' என்று காதில் விழுந்தது. தரகர்களை நன்கு அறிந்த பெரியவர், சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று எண்ணி, வண்டியை வெறுமனே தில்லிக்கு ஓட்டிவிடலாமா என்று யோசித்தாராம். பிற்பகலில் பெரியவரின் பேரன் வந்தான். இவர் முகவாட்டத்தைப் பார்த்து, சிரித்துக்கொண்டே, 'லோட் நா லை' என்றான். 'லை' என்றால் எடுத்துக்கொள். 'லோடு எடுக்காதே' என்கிறானே, இங்கே ஏதும் தகராறோ, வெளியூர் வண்டிக்கு ஏற்றக்கூடாது என்கிறார்களோ என்று இவருக்கு வயிறு கலங்கிவிட்டது. அவன் சொன்னதன் பொருள் வேறு. 'கவலைப்படாதே, மனத்தில் பாரத்தை ஏற்றிக்கொள்ளாதே' என்பது. இன்றைய பஞ்சாப் இளைஞர்களின் பேச்சில் ஆங்கில லோடு மனக்கவலைக்குப் பெயராகிவிட்டது. இந்தியிலும் அவ்வாறே வழங்குகிறார்கள். மறுநாள் லோடு கிடைத்து இவர் ஊர் வந்து சேர்ந்தார். இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் அவர் சிரிக்கிறார். அன்று சிரித்திருக்கமாட்டார்.

இக்கதையில் எனக்குச் சிரிப்பைவிட வேறொன்று முக்கியமாகப் படுகிறது. ஒரே ஆங்கிலச் சொல். பஞ்சாபியர் அதை வாங்கி மனத்தின்மேல் வைத்தார்கள். அது அவர்களுக்குச் சுமையாயிற்று. 'எடுத்துக்கொள்ளாதே' என்று ஆறுதல் சொல்லத்தக்கதாயிற்று. நாம் வாங்கி வண்டியின்மேல் வைத்தோம். அது நமக்குப் பிழைப்பாயிற்று. 'லோடு எடுக்காதே' என்பது நமக்கு ஆறுதல் அன்று, வயிற்றில் அடிப்பது. அவர்களுடைய ஆங்கிலச் சொல்லோடு அல்ல, அவர்களுடைய தாய்மொழிச் சொல்லாகிய 'தேவை'யோடுதான் நம்முடைய லோடு பொருளால் நெருங்கி நிற்கிறது. அந்த ஓட்டுநர் பிழையாகக் கேட்டார் என்று சொல்லிக்கொள்கிறோம். அவருக்கு லோடும் தேவையும் வேறுவேறாக இருந்தனவா என்பதை நினைத்துப் பார்க்கலாம்.

ஆங்கிலத்தில்தான் இச்சொல் என்னவாக இருந்தது? அதையும் பார்த்துவிடலாம். பழைய ஆங்கிலத்தில் இது 'லாட்' என்ற ஒலியோடு வழங்கியது. அப்போது அதன் பொருள் பாரம் அன்று. வழி, பயணம், கொண்டுசெல்லுதல். வழிகாட்டும் துருவ மீனை அவர்கள் 'லோட்ஸ்டார்' என்பதும், திசை காட்டும் காந்தக்கல்லை 'லோட்ஸ்டோன்' என்பதும் அந்தப் பழம்பொருளின் எச்சங்கள். பாறைக்குள் ஓடும் கனிமத் தாரைக்கும் இதே சொல்லைச் சற்று வேறாக எழுத்துக்கூட்டி வழங்குகிறார்கள். கஞ்சமலையின் இரும்புத் தாதுவைப் பற்றிப் படிக்கும்போது கண்ணில் படலாம். 'நடத்திச் செல்' என்று பொருள்படும் ஆங்கில வினையும் இதன் உறவே. ஏற்றுதல் என்னும் பொருளுடைய வேறொரு சொல்லின் சாயல் படிந்து, வழி என்பது பின்னாளில் வழியில் கொண்டுசெல்லும் பாரம் ஆயிற்று.

இதைப் படித்தபோது எனக்கு வியப்புத் தோன்றவில்லை. நம் ஊர்ப் பேச்சுத்தான் நினைவுக்கு வந்தது. 'இரண்டு நடை மண் அடித்தேன்' என்கிறோம். நடை என்றால் நடத்தல். பிறகு ஒருமுறை போய்வருவது நடையாயிற்று. பிறகு அந்த ஒரு முறையில் கொண்டுவரும் அளவே நடையாயிற்று. மாட்டுவண்டிக் காலத்திலேயே நாம் வழியைப் பாரமாக்கிவிட்டோம். ஆங்கிலேயர் நடந்த அதே தடத்தில் அவர்களை அறியாமலே நடந்திருக்கிறோம். நம் 'நடை' இருந்த இடத்தில்தான் அவர்கள் லோடு வந்து உட்கார்ந்தது. உட்கார இடம் இருந்ததால் உட்கார்ந்தது. எல்லா ஆங்கிலச் சொற்களுக்கும் இப்படி இடம் இருப்பதில்லை. நம் மேடைகளில் அரை வாக்கியத்துக்கு ஒருமுறை 'ஆக்சுவலி' சொல்பவர்களுக்கு இந்த உரை துணை செய்யாது.

இனி இலக்கணத்துக்கு வருகிறேன். லகரம் தமிழில் மொழிமுதல் ஆகாது. பழைய முறைப்படி இகரமோ உகரமோ முன்னால் சேர்க்க வேண்டும். 'இலாபம்' என்றும் 'உலோகம்' என்றும் எழுதியதுபோல் 'உலோடு' என்று எழுதலாம். யாராவது எழுதிக் காட்டினால் நான் எதிர்க்கமாட்டேன், படிக்கவும் மாட்டேன். முன்புறம் அயன்மையாக இருப்பினும் பின்புறத்தைப் பாருங்கள். ஆங்கிலத்தில் டகர மெய்யோடு முடிந்த சொல்லுக்கு நம் மக்கள் ஓர் உகரத்தைச் சேர்த்தார்கள். அதுவும் குற்றியலுகரம். நெடிலுக்குப் பின்னே வல்லினத்தின்மேல் ஊர்ந்து வருவதால் நெடில்தொடர்க் குற்றியலுகரம். காடு, நாடு, ஏடு, ஓடு ஆகியவற்றின் வரிசையில் லோடு நிற்கிறது. எந்தப் புலவரும் சொல்லித்தரவில்லை.

ஆனாலும் அது முழுக் குடியுரிமை பெற்றுவிட்டதாக நான் சொல்லமாட்டேன். காடு, காட்டில் என்றாகும். அப்படியே ரோடு என்ற சொல்லும் ரோட்டில், ரோட்டை என்று ஒற்று இரட்டி நம் வேற்றுமை இலக்கணத்துக்குள் வந்துவிட்டது. லோடு இன்னும் அப்படி வரவில்லை. 'லோடை இறக்கு' என்கிறார்கள். 'லோட்டை' என்று பெரும்பாலும் சொல்வதில்லை. ரோடு மூத்த மருமகள். லோடு இன்னும் வாசற்படியில் நிற்கிறது. அது என்றைக்கு இரட்டிக்கிறது என்று நம் மொழியியல் அன்பர்கள் கவனித்துவரலாம். மக்கள் வாயில் நடக்கும் இத்தகைய மாற்றம் சட்டம் போட்டு வருவதன்று, சட்டம் போட்டு நிற்பதுமன்று.

வெண்பாப் பாடும் அன்பர்களுக்கு ஒரு செய்தி. வெண்பாவின் ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் நான்கு வாய்பாடுகளுள் ஒன்றால் முடிய வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். லோடு எந்த வாய்பாடு? காசு. லாரி உரிமையாளர் சங்கத்தாரும் இதையேதான் சொல்வார்கள்.

'விளையாட்டாகப் பேசி எங்களை மயக்காதீர். மரபு என்ன சொல்கிறது?' என்று மூத்த உறுப்பினர் கேட்பார். மரபைத்தான் துணைக்கு அழைக்கிறேன். தொல்காப்பியர் எச்சவியலில் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என்று நான்காக வகுக்கிறார். எதற்காக வகுக்கிறார்? செய்யுள் இயற்றுவதற்கு உரிய சொற்கள் இவை என்று சொல்வதற்காக வகுக்கிறார். கடைவீதிக்கு ஒருவகை, கவிதைக்கு வேறுவகை என்று பிரிக்கவில்லை. செந்தமிழ் நிலத்தைச் சூழ்ந்த நாட்டார் தத்தம் குறிப்பில் வழங்கும் சொல்லுக்கும் செய்யுளில் இடம் தந்தார். நன்னூலார் அந்த எல்லையை இன்னும் விரித்து, தமிழ் அல்லாத பிற நாட்டுச் சொற்களுக்கும் இடமளித்தார். ஆங்கில நாடு அவர் பட்டியலில் இல்லை என்பது உண்மை. நெடுஞ்சாலை 44ம் இல்லை.

இந்தச் சமவெளிக்குச் சொல்லாராய்ச்சி புதிதன்று என்பதையும் நினைவூட்டுகிறேன். 1916இல், இராசாசி சேலத்தில் வழக்கறிஞராக இருந்த காலத்தில், அறிவியல் கலைச்சொற்களைத் தமிழில் ஆக்குவதற்காக இங்கே ஒரு சங்கம் நிறுவினார்கள். அதற்கு ஓர் இதழும் நடத்தினார்கள். அதே 1916ஆம் ஆண்டுதான் மறைமலையடிகளின் தனித்தமிழ் இயக்கமும் தொடங்கியது. இரண்டுக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம். இன்று நம் பிள்ளைகள் வேதியியலைத் தமிழில் எழுதுகிறார்கள் என்றால் அத்தகைய முயற்சிகளின் பயன் அது. நம் போட்டி விதியும் அந்த நல்ல நோக்கத்தில்தான் பிறந்தது. கலைச்சொல் என்பது ஒரு கருத்துக்குப் பெயரிடுவது. அதை அறிஞர் அவையில் அமர்ந்து ஆக்கலாம். லோடு எந்த அவையும் ஆக்கியது அன்று. நான்கு நாள் வெறும் வண்டியோடு நின்றவன் வாயில் பழுத்தது. அதை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தால் அந்த நான்கு நாளும் கவிதையிலிருந்து போய்விடுகின்றன.

இன்னொன்று. விதியை நாம் ஒழுங்காகவும் கடைப்பிடிக்கவில்லை. மூன்றாம் ஆண்டு மலரைப் புரட்டினேன். பரிசு பெற்ற கவிதையில் 'தார்ப்பாய்' வருகிறது. தாரும் பாயும் தமிழ்போலத் தோன்றியதால் யாரும் தடுக்கவில்லை. ஆங்கிலத் 'தார்பாலின்' நம் வாயில் தார்ப்பாய் ஆயிற்று என்பதும், அந்தத் தாரே ஆங்கிலத் தார் என்பதும் கவனத்துக்கு வரவில்லை. லோடுக்குப் பொருந்தும் விதி, லோடை மூடுகின்ற தார்ப்பாய்க்குப் பொருந்தவில்லை. அந்தப் பரிசைத் திரும்பக் கேட்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நல்ல கவிதை அது.

ஆகவே செயற்குழுவின் ஆய்வுக்கு ஒரு திருத்தத்தை முன்வைக்கிறேன். 'பிறமொழிச் சொல் கலந்த கவிதைகள் ஏற்கப்படா' என்பதற்கு மாறாக, 'பிறமொழிச் சொல் வருமிடத்து, அதே பொருளையும் உணர்வையும் தரும் தமிழ்ச்சொல் வழக்கில் உண்டா என்று நடுவர் ஆராய்வர். உண்டெனில் அதை எடுத்துக்காட்டிக் கவிஞரிடம் எழுத்தில் தெரிவிப்பர். இல்லையெனில் சொல் அவ்வாறே நிற்கும்' என்று இருக்கலாம். எடுத்துக்காட்டும் பொறுப்பு நடுவருடையது. அவர் காட்டும் சொல்லைக் கவிதையில் வைத்து, தறிக்கூடத்திலோ லாரிப் பட்டறையிலோ இருவரிடம் படித்துக் காட்ட வேண்டும் என்றும் சேர்க்கலாம். அது சற்று மிகை என்று தோன்றினால் விட்டுவிடுங்கள். திருத்தம் நிறைவேறினால் அதைச் சென்ற போட்டியிலிருந்தே நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். விலக்கப்பட்ட கவிதையின் படி செயலாளரிடம் இருக்கிறது. மலர் அச்சுக்குப் போக இன்னும் நாள் இருக்கிறது என்றும் அவர் சொன்னார்.